கட்டியைக் கண்டால் மட்டும் எரியும் விளக்கு

புற்றுநோய்க்கு மனிதன் கண்ட சிகிச்சைகளுள் மிகப் பழமையானது அறுவைச் சிகிச்சை ஆகும். கதிர்வீச்சும் மருந்துகளும் பெருகிவிட்ட இந்நாளிலும், திரண்டு நிற்கும் கட்டிகள் பலவற்றுக்கு அதுவே முதற் சிகிச்சையாக இருந்து வருகிறது. கட்டியை அடியோடு அகற்றிவிட்டால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு மிகுதி; சிறிது எஞ்சினாலும் அது மீண்டும் முளைத்து வளரக்கூடும். நெருப்பை அணைப்பவன் ஒரு பொறியையும் விட்டுவைக்கலாகாது அல்லவா? அது போன்றதே இந்நிலைமையும்.

ஆனால், அந்தப் பொறி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுகொள்வது எப்படி? இவ்வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகள் எடுத்துவரும் முயற்சிகளுள் ஒன்றை வாசகர்களுக்குச் சற்று விரிவாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லை எங்கே?

எக்ஸ்ரே படமும், சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களும் கட்டி எந்த உறுப்பில், எவ்வளவு பருமனில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே காட்டுகின்றன. ஆயினும், அறுவைக் கூடத்தில் உடல் திறக்கப்பட்ட பின்னர், மருத்துவருக்கு உற்ற துணையாக நிற்பவை பெரும்பாலும் அவருடைய கண்ணும் விரல் நுனியுமே. கட்டியின் நடுப்பகுதி கடினமாகவும் நிறம் மாறியும் இருக்கலாம். அதைக் கண்டுகொள்வது அரிதன்று. கட்டியின் ஓரமோ அப்படியன்று. மரத்தின் வேர் மண்ணுக்குள் ஊடுருவுவதைப் போலப் புற்று உயிரணுக்கள் அண்டையிலுள்ள நல்ல தசைக்குள் ஊடுருவி நிற்கும். அங்கே கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது, கைக்கும் புலப்படாது.

வெட்டியெடுத்த பகுதியின் ஓரத்தை உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது வழக்கந்தான். ஆனால் ஓரம் முழுவதையும் அவ்வாறு பார்த்து முடிப்பது ஆகாத காரியம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில துண்டுகளையே பார்க்க முடியும். ஆகவே மருத்துவர் இரண்டு அபாயங்களுக்கு இடையே நிற்கிறார். குறைத்து வெட்டினால் நோய் எஞ்சும். மார்பகப் புற்றுநோயில், ஓரத்தில் நோய் எஞ்சியிருப்பது சில நாட்களுக்குப் பின்னரே தெரியவந்து, அதே பெண்மணி மறுமுறையும் அறுவைக்கு உட்பட நேர்வதுண்டு. கூட்டி வெட்டினாலோ நல்ல உறுப்புப் பாழாகும். மூளையில் ஒரு விரற்கடை தவறினால், நோயாளியின் பேச்சோ கையசைவோ போய்விடலாம்.

கட்டி மட்டும் ஒளிவிட்டு, மற்ற இடமெல்லாம் இருண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இந்த ஆசையில் இரண்டு பகுதிகள் இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கட்டி ஒளிர வேண்டும் என்பது ஒன்று; பிற இடங்கள் ஒளிரலாகாது என்பது மற்றொன்று. முன்னது எளிது, பின்னதே அரிது. இத்துறையின் வரலாறு, பெரும்பாலும், அந்தப் பின்னதை நோக்கி நடந்துவந்த வரலாறே எனலாம்.

ஒளிர்தல் என்பது யாது?

சில பொருள்கள் தம்மீது விழும் ஒளியை விழுங்கி, மறுகணமே வேறு நிற ஒளியாக வெளியிடுகின்றன. 1852ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்டுவந்த கொயினாவின் கரைசல்மீது, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்கள் விழுந்தபோது அது நீல ஒளி வீசக் கண்டார். புகும் ஒளியைவிட வெளிவரும் ஒளியின் அலைநீளம் மிகுதி, அஃதாவது அது சிவப்பின் பக்கமாகத் தள்ளி நிற்கும் என்பது அவர் வகுத்த விதி. இவ்வியல்பையே ஒளிர்தல் என்கிறோம். இவ்வியல்புடைய சாயங்களை ஒளிர்சாயங்கள் எனலாம். புகும் ஒளியை ஒரு வடிகண்ணாடியால் தடுத்துவிட்டு, வெளிவரும் ஒளியை மட்டும் நோக்கினால், சாயம் இருக்கும் இடம் இருட்டில் மின்மினியைப் போலத் தெரியும்.

1947ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மூர் என்னும் மருத்துவர் ஃபுளோரஸீன் என்னும் சாயத்தை நோயாளிகளின் இரத்தத்தில் செலுத்தி, புற்றுக் கட்டி நல்ல தசையினின்று வேறுபட்டு ஒளிர்கிறதா என்று ஆராய்ந்த செய்தியை வெளியிட்டார். அதன்பின் இம்முறை மெல்ல மெல்ல வளர்ந்தது. நோயாளி ஒருவகை அமினோ அமிலக் கரைசலை அருந்த, மூளைக் கட்டியின் உயிரணுக்கள் அதனைத் தாமே ஓர் ஒளிர்பொருளாக மாற்றிக்கொண்டு, நீல ஒளியின்கீழ் இளஞ்சிவப்பாகத் தோன்றும் முறை ஒன்று ஜெர்மனியில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு வருமாறு: கொடிய மூளைக் கட்டி உடையோருள், இவ்வொளியின் துணையுடன் அறுவை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 65 பேருக்கு ஸ்கேன் படத்தில் புலப்பட்ட கட்டி முழுவதும் அகற்றப்பட்டது, வழக்கமான வெள்ளொளியில் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கே அவ்வாறு அகற்றப்பட்டது. ஒளியால் என்ன பயன் என்று கேட்போருக்கு இவ்விரண்டு எண்களே தக்க விடையாகும்.

சாயத்துக்கு வழிகாட்டி

ஆயினும் வெறுஞ்சாயத்துக்குப் புற்று எது, புற்றல்லாதது எது என்னும் அறிவு கிடையாது. கட்டியின் இரத்தக் குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் அது அங்கே கசிந்து தேங்குகிறது. வீக்கமும் புண்ணும் உள்ள இடங்களிலும் அவ்வாறே கசிந்து தேங்கக்கூடும். எனவே, சாயத்தைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஒரு வழிகாட்டி வேண்டும்.

புற்று உயிரணுவின் மேற்பரப்பில் சில புரதங்கள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்து நிற்பதுண்டு. அவற்றை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் பொருள் ஒன்றில் சாயத்தை இணைத்தால் காரியம் கைகூடும். நம் உடல் நோய்க் கிருமிகளை எதிர்க்க உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் இத்தகைய வேலைக்கு ஏற்றவை; அவை பல்லாண்டுகளாகப் பயன்பட்டும் வருகின்றன. ஆனால் எதிர்ப்பொருள் உருவிற் பெரியது. ஹைட்ரஜன் அணுவை 1 என்று கொண்டால் அதன் எடை ஏறத்தாழ 1,50,000. பெரிய உருவாதலால் அது கட்டிக்குள் மெதுவாகவே நுழைகிறது. இரத்தத்தைவிட்டு நீங்கவும் நாட்கணக்காகிறது. அதுவரை இரத்தம் ஓடும் இடமெல்லாம் சாயமும் ஓடிக்கொண்டிருக்கும். தீபாவளி இரவில், வீட்டுக்கு வீடு விளக்கெரியும் தெருவில், ஒரு குறிப்பிட்ட வீட்டின் விளக்கைத் தொலைவிலிருந்து தேடுவது போன்றது அது.

எழுத்தே உருவமாகும் விந்தை

இங்கேதான் அப்டாமர் என்னும் புதிய பொருள் நம் கதைக்குள் நுழைகிறது. டி.என்.ஏ. என்றவுடன், பரம்பரைக் குணங்களை எழுதிவைத்திருக்கும் ஏடு என்றே நாம் எண்ணுகிறோம். ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு அது. ஏ என்பது டி என்பதோடும், ஜி என்பது சி என்பதோடும் இணைவது அதன் இயல்பு. இரண்டு இழைகள் இவ்வாறு இணைந்து முறுக்கிக்கொண்டால் நாம் படங்களில் காணும் திருகுப் படிக்கட்டுத் தோன்றுகிறது.

துணையிழை இல்லாமல் ஓர் இழை தனியே நின்றால் என்ன ஆகும்? அது தன் எழுத்துகளுக்கு இணையான எழுத்துகளைத் தன்னிடத்திலேயே தேடி, மடிந்து, சுருண்டு, ஓர் உருவத்தை அடைகிறது. எழுத்து மாறினால் மடிப்பு மாறும். மடிப்பு மாறினால் உருவம் மாறும். அவ்வுருவத்தின் மேடு பள்ளங்கள் ஏதேனும் ஒரு புரதத்தின் பள்ளம் மேடுகளோடு இசைந்துவிட்டால், பூட்டும் சாவியும் போல இரண்டும் பொருந்திக்கொள்ளும். டி.என்.ஏ.யின் உடன்பிறப்பாகிய ஆர்.என்.ஏ.யும் இவ்வாறே மடியும்.

1990ஆம் ஆண்டில், ஒருவர் வேலையை மற்றவர் சாராமல், இரண்டு குழுவினர் இவ்வுண்மையைப் பயன்படுத்தும் வழியைக் கண்டனர். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிரேக் டர்க், லாரி கோல்ட் இருவரும் ஒரு குழு. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஆண்ட்ரூ எல்லிங்டன், ஜாக் ஷோஸ்டாக் இருவரும் மற்றொரு குழு. அப்டாமர் என்னும் பெயரைச் சூட்டியவர்கள் பின்னவர்களே. பொருந்துதல் என்னும் கருத்துள்ள லத்தீன் சொல்லையும், பகுதி என்னும் கருத்துள்ள கிரேக்கச் சொல்லையும் கூட்டி ஆக்கியது அது. பொருந்தும் கூறு எனத் தமிழில் கூறலாம். ஷோஸ்டாக் 2009ஆம் ஆண்டில், வேறோர் ஆராய்ச்சிக்காக, நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

மணலை அலசுவது போல

எந்த எழுத்து வரிசை எந்தப் புரதத்துக்குப் பொருந்தும் என்பதை முன்னதாகக் கணக்கிட்டுச் சொல்வது கடினம். 40 எழுத்துகள் கொண்ட இழை என்று வைத்துக்கொண்டால், எழுதக்கூடிய வரிசைகளின் தொகை 1க்குப் பின் 24 சுழிகள் இட்ட எண்ணையும் தாண்டும். ஆகவே கணக்கிடுவதை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்கும் வழியை மேற்கொண்டார்கள். தாறுமாறான எழுத்து வரிசையுள்ள இழைகளைப் பெருந்தொகையாகச் செய்கிறார்கள். ஒரு சிறு குழாயிலுள்ள கரைசலில் 10 கோடி கோடி வேறுபட்ட இழைகள் வரை இருக்கக்கூடும்.

மலாயாவின் ஈய ஆறுகளில், சீனப் பெண்மணிகள் மரத்தட்டில் மணலை அள்ளி, நீரில் சுழற்றி, இலேசான மணலைக் கழித்து, கனமான ஈயத்தாதுவை அடியில் நிறுத்துவதை முதியோர் பலர் கண்டிருப்பர். அப்டாமர் தேர்வும் அது போன்றதே. இழைகளின் கரைசலைக் குறித்த புரதத்தின்மீது ஊற்றுகிறார்கள். பொருந்தும் இழைகள் ஒட்டிக்கொள்கின்றன, மற்றவற்றைக் கழுவிவிடுகிறார்கள். பின்னர் ஒட்டியவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இதற்கு மேல் ஒரு வேறுபாடு உண்டு. தட்டில் தங்கிய ஈயம் பெருகாது. இழைகளோ நொதிகளின் உதவியால் படியெடுக்கப்பட்டு மீண்டும் கோடிக்கணக்காகப் பெருகும். பெருகியவற்றை மீண்டும் ஊற்றி, மீண்டும் கழுவி, மீண்டும் பெருக்குவார்கள். சுற்றுக்குச் சுற்றுக் கழுவுதலைக் கடுமையாக்கினால், இறுதியில் விடாப்பிடியாக ஒட்டும் சில இழைகளே எஞ்சும். எல்லிங்டனும் ஷோஸ்டாக்கும் சில சிறு சாயப் பொருள்களை வைத்துத் தேர்ந்தபோது, ஏறத்தாழ 1,000 கோடி இழைகளுக்கு ஒன்று வீதமே பொருந்தும் உருவம் பெற்றிருப்பதாக மதிப்பிட்டனர். வைக்கோற்போரில் ஊசி என்பதெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்!

இவ்வாறு கிடைத்த அப்டாமருக்குச் சில நற்குணங்கள் உண்டு. எழுத்து வரிசை தெரிந்துவிட்டபின், விலங்குகளின் துணையின்றிச் சோதனைச்சாலையிலேயே அதனை இரசாயன முறையில் செய்துகொள்ளலாம். எந்த எழுத்தின்மேல் சாயத்தை ஏற்ற வேண்டும் என்று விரும்புகிறோமோ அந்த எழுத்தின்மேலேயே ஏற்றலாம். உருவிலும் அது சிறியது. 41 எழுத்துகள் கொண்ட ஓர் அப்டாமரின் எடை ஏறத்தாழ 13,000, அஃதாவது எதிர்ப்பொருளின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

பெயர் தெரியாத பகைவனைப் பிடித்தல்

புற்று உயிரணுவின் மேற்பரப்பில் எந்தப் புரதம் அடையாளமாக நிற்கிறது என்பதே தெரியாவிட்டால் என்ன செய்வது? இவ்விடுக்கணுக்கு 2006ஆம் ஆண்டில் ஒரு வழி வெளியாயிற்று. அப்போது ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடத்திய டான் வெய்ஹோங் என்பாரின் குழுவினர், தனிப் புரதத்துக்குப் பதிலாக முழு உயிரணுவையே தேர்வுக்கு வைத்தனர். ஒருவகை இரத்தப் புற்றுநோயின் உயிரணுக்கள் மீது இழைகளை ஊற்றினர். ஒட்டியவற்றைப் பிரித்து, வேறு வகை இரத்தப் புற்று உயிரணுக்கள் மீது ஊற்றினர். பின்னவற்றிலும் ஒட்டிய இழைகள் தள்ளப்பட்டன. முன்னவற்றில் மட்டும் ஒட்டிய இழைகள் கொள்ளப்பட்டன.

இத்தேர்வில் வெளிவந்ததே எஸ்ஜிசி8 என்னும் புகழ்பெற்ற அப்டாமர். அது எதன்மேல் ஒட்டுகிறது என்பது தேர்ந்தவர்களுக்கே தொடக்கத்தில் தெரியாது. 2008ஆம் ஆண்டில்தான், பி.டி.கே.7 என்னும் மேற்பரப்புப் புரதமே அதன் இலக்கு என்று கண்டறிந்தனர். பகைவனைப் பிடித்த பிறகு பெயரைக் கேட்டறிந்த கதை இது. வழிகாட்டியைத் தேடியவர்களுக்கு, அவ்வழிகாட்டியே ஒரு புதிய அடையாளத்தையும் காட்டிக் கொடுத்துவிட்டது.

உடலுக்குள் ஒளியின் கதி

வழிகாட்டி கிடைத்தாயிற்று, இனிச் சாயத்தைக் கட்டி அனுப்பலாம். ஆனால் எந்த நிறச் சாயம்? டார்ச் விளக்கின்மேல் விரலை வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாகத் தெரியும். வெள்ளொளியிலுள்ள நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பே ஊடுருவி வருகிறது. சிவப்பையும் கடந்து வெகுதூரம் போனால், உடலிலுள்ள நீர் அவ்வொளியை விழுங்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களே தசையினூடே ஓரளவு தாராளமாகச் செல்லக்கூடியவை. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் 10 லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே, உயிருள்ள உடலில் பயன்படும் சாயங்கள் பெரும்பாலும் இந்தச் சாளரத்துக்குள் ஒளிர்பவையாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 

இன்னொரு தொல்லையும் உண்டு. தசைக்கும் தோலுக்கும் குடலிலுள்ள உணவுக்குமே சிறிதளவு ஒளிரும் இயல்பு இருக்கிறது. சோதனைச் சுண்டெலிகளுக்குக் கொடுக்கும் தீவனத்தில் பச்சைத் தழை சேர்ந்திருந்தால், அதிலுள்ள பச்சையம் எலியின் வயிற்றைச் செந்நிறமாக ஒளிரச் செய்துவிடும். அதனால், படம் எடுக்கும் முன் சில நாட்களுக்கு அத்தழை சேராத தீவனம் கொடுப்பது வழக்கம்.

இவ்வளவு கவனித்தாலும், எப்போதும் எரிந்துகொண்டே செல்லும் விளக்காகச் சாயம் இருக்குமானால், முன்னே கூறிய தீபாவளித் தெருவின் இடர் ஒழிவதில்லை. கட்டியில் ஒட்டியது போக, ஒட்டாமல் இரத்தத்தில் திரியும் பங்கு முழுவதும் ஒளிவீசிக்கொண்டே இருக்கும். அது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் காத்திருந்தால், ஒட்டியதும் ஓரளவு கழன்றுபோகலாம்.

அணைந்தே செல்லும் விளக்கு

2011ஆம் ஆண்டில், சீனாவின் ஹூனான் பல்கலைக்கழகத்தில் வாங் கெமின் என்பாரின் குழுவினர் இதற்கொரு தந்திரம் கண்டு வெளியிட்டனர். விளக்கை அணைத்தே அனுப்புவது, கட்டியைத் தொட்டவுடன் தானே எரியச் செய்வது என்பதே அத்தந்திரம்.

அவ்விளக்கு, மூன்று துண்டுகள் கோத்த ஒரே டி.என்.ஏ. இழை. முதல் துண்டு எஸ்ஜிசி8 அப்டாமர். நடுத்துண்டு, டி என்னும் எழுத்தையே திரும்பத் திரும்பக் கொண்ட ஒரு கயிறு. மூன்றாவது துண்டு, அப்டாமரின் ஒரு பகுதிக்கு இணையாகும்படி எழுதிய சிறு வரி. இழையின் ஒரு முனையில் சை5 என்னும் சிவப்பு ஒளிர்சாயம். மறுமுனையில் அச்சாயத்தின் ஒளியை விழுங்கிவிடும் அவிப்பான்.

இரத்தத்தில் திரியும்போது, மூன்றாவது துண்டு வளைந்து வந்து அப்டாமரோடு இணைந்து நிற்கிறது. இழை ஒரு கொண்டை ஊசிபோல் மடிந்திருக்கிறது. இரண்டு முனைகளும் அருகருகே இருப்பதால், சாயம் பெற்ற ஆற்றல் ஒளியாக வெளிவராமல் அவிப்பானுக்குக் கைமாறிவிடுகிறது. விளக்கு இருண்டிருக்கிறது. புற்று உயிரணுவின் பி.டி.கே.7 புரதத்தைச் சந்தித்ததும், அப்டாமர் அதனோடு பொருந்துவதற்காகத் தன் இயல்பான உருவத்தை மேற்கொள்கிறது. அப்போது மூன்றாவது துண்டு தள்ளப்பட்டு விலகுகிறது, முனைகள் பிரிகின்றன, சாயம் ஒளிர்கிறது.

முனைகள் இம்மியளவு பிரிந்தால் போதுமா என்னும் ஐயம் எழலாம். ஜெர்மானிய விஞ்ஞானி தியோடர் ஃபோர்ஸ்டர் 1948ஆம் ஆண்டில் விளக்கிய விதிப்படி, இத்தகைய ஆற்றல் கைமாற்றம் தூரத்துக்கு மிகவும் கட்டுப்பட்டது. தூரம் இருமடங்கானால், கைமாறும் வேகம் 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒருசில நானோமீட்டர் விலகலே விளக்கை ஏற்றவும் அணைக்கவும் போதுமானது.

பூட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. மூன்றாவது துண்டு மிக நீளமானால், அப்டாமர் இலக்கைக் கண்டும் பூட்டு அவிழாது. மிகக் குட்டையானால், இலக்கைக் காணும் முன்னரே பூட்டுத் தானாக அவிழ்ந்து, வழியெல்லாம் ஒளி சிந்தும்.

இரத்தப் புற்று உயிரணுக்களால் கட்டி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் உடலில் இவ்விளக்கைச் செலுத்தி, எலி உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்தார்கள். எப்போதும் எரியும் அப்டாமரோடு ஒப்பிடுகையில், சுற்றுப்புற வெளிச்சம் வெகுவாகக் குறைந்தது. கட்டி தெளிவாகத் தெரிந்தது. நோயை இனங்காணும் நேரம் 15 நிமிடமாகக் குறைந்தது. இங்கே நாம் உணர வேண்டியது யாதெனில், அவர்கள் விளக்கின் ஒளியைப் பெருக்கவில்லை, இருட்டைப் பெருக்கினார்கள். அதுவே அவர்கள் பெற்ற வெற்றி.

வழியிலுள்ள தடைகள்

சுண்டெலியில் கண்டது மனிதனில் கண்டதாகாது. தடைகள் பல உள்ளன.

முதலாவது, இரத்தத்திலுள்ள நொதிகள். அந்நிய டி.என்.ஏ.யையும் ஆர்.என்.ஏ.யையும் கண்டால் வெட்டியெறிவது அவற்றின் தொழில். அணைந்தே செல்லும் விளக்குக்கு இவை இரட்டைப் பகை. இழை வெட்டுண்டால் வழிகாட்டி அழிவது மட்டுமன்று; சாயமும் அவிப்பானும் பிரிந்துபோய், கட்டி இல்லாத இடத்திலும் பொய்யொளி தோன்றும். இழையின் சில எழுத்துகளை இரசாயன முறையில் மாற்றியமைத்து நொதிகளை ஏமாற்றுவது ஒரு பரிகாரம். ஆனால் மாற்றிய பின்னரும் இழை முன்போலவே மடிகிறதா என்று மீண்டும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, சிறிய உருவத்தின் குறை. சிறியதாதலால் சிறுநீரகம் அதனை விரைவில் வடித்து வெளியேற்றிவிடுகிறது. இதைத் தடுக்கப் பெக் என்னும் நீண்ட சங்கிலிப் பொருளைச் சேர்ப்பதுண்டு. அதிலும் ஆபத்து இல்லாமலில்லை. பெக் சேர்த்த ஓர் அப்டாமர் மருந்து, இருதய நோயாளிகளுக்கு இரத்தம் உறையாமல் தடுப்பதற்காகச் சோதிக்கப்பட்டபோது, சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதால் 2014ஆம் ஆண்டில் அச்சோதனை நிறுத்தப்பட்டது.

மூன்றாவது, அடையாளத்தின் ஐயப்பாடு. புற்று உயிரணுவுக்கே உரிய, நல்ல உயிரணுவில் அறவே இல்லாத புரதம் என்பது மிக அரிது. பி.டி.கே.7 போன்றவை சில நல்ல உறுப்புகளிலும் சிறிதளவு உண்டு. ஒரே கட்டிக்குள்ளும் எல்லா உயிரணுக்களும் ஒரே அடையாளத்தைத் தாங்குவதில்லை. அடையாளம் இல்லாத உயிரணு இருளில் தங்கிவிடும். இருண்ட இடமெல்லாம் நோயற்ற இடம் என்று மருத்துவர் நம்பிவிடலாகாது.

நான்காவது, ஆழம். ஏற்ற நிறமுள்ள ஒளியும் தசைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவு சென்றதும் சிதறி மங்கிவிடுகிறது. சுண்டெலியோ மெல்லிய உடல் படைத்தது. அதன் கட்டியும் பெரும்பாலும் தோலுக்கு அடியிலேயே வளர்க்கப்படுவது. மனிதனின் ஈரலின் நடுவே இருக்கும் கட்டியை இவ்வொளியால் வெளியிலிருந்து காண முடியாது. ஆகையால், உடல் திறக்கப்பட்ட அறுவைக் கூடத்திலும், உட்குழாய்க் கருவியின் முனையிலுமே இவ்விளக்குக்குத் தக்க இடம் உண்டு. ஆழத்திலுள்ளதைக் காண, ஒளிர்சாயத்துக்குப் பதிலாகக் கதிரியக்கப் பொருளை அப்டாமரில் ஏற்றும் முயற்சிகளும் நடைபெற்று வருகின்றன.

மருத்துவமனைவரை வந்தவை

அப்டாமர் மருந்தே ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். 2004ஆம் ஆண்டிலேயே பெகாப்டானிப் என்னும் அப்டாமர், முதுமையில் பார்வையைக் கெடுக்கும் ஒரு விழித்திரை நோய்க்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் மற்றொரு விழி நோய்க்கு இரண்டாவது அப்டாமர் மருந்து அனுமதி பெற்றது. இரண்டும் விழிக்குள்ளேயே ஊசியால் செலுத்தப்படுபவை. இரத்தத்தின் நொதிகளையும் சிறுநீரகத்தின் வடிகட்டலையும் நேர்முகமாக எதிர்கொள்ளாத இடம் விழி என்பதைக் கருதினால், முதல் வெற்றி அங்கே கிடைத்தது வியப்பன்று.

ஒளியால் கட்டியைக் காட்டும் பொருள்களும் மருத்துவமனைக்குள் வந்துவிட்டன. 2021ஆம் ஆண்டில், சூலகப் புற்றுநோய் அறுவைக்காக, ஃபோலிக் அமிலத்தின் சாயலுள்ள வழிகாட்டியோடு சாயத்தை இணைத்த ஒரு மருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில், மார்பகப் புற்றுநோய் அறுவைக்காகப் பெகுலிசியனின் என்னும் மருந்து அனுமதி பெற்றது. பின்னது நம் கதைக்கு மிக நெருங்கியது. அதில் அப்டாமர் இல்லை. ஆயினும் அது இரத்தத்தில் அணைந்தே செல்கிறது. கட்டியில் மிகுந்துள்ள நொதிகள் அதை வெட்டிய பின்னரே ஒளிர்கிறது. கட்டியை எடுத்துவிட்ட குழியில் மிச்சம் இருக்கிறதா என்று மருத்துவர் அவ்வொளியைக் கொண்டு பார்க்கிறார். கடும் ஒவ்வாமை நேரலாம் என்னும் எச்சரிக்கையும் அம்மருந்தோடு சேர்ந்தே வருகிறது. ஹூனான் விஞ்ஞானிகள் எலியில் காட்டிய இருள் தத்துவம், வேறொரு வழியாக மனிதனை வந்தடைந்திருக்கிறது என்று கூறலாம்.

செய்தியைப் படிக்கும் முறை

புற்றுநோயைக் காட்டும் புதுமை ஒளி பற்றிய செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. அவற்றைப் படிக்கும் வாசகர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். சோதனை நடந்தது குழாயிலா, எலியிலா, மனிதனிலா? கட்டி தோலடியில் இருந்ததா, உள்ளுறுப்பில் இருந்ததா? கட்டி எவ்வளவு ஒளிர்ந்தது என்று மட்டும் சொல்கிறார்களா, நல்ல தசை எவ்வளவு இருண்டிருந்தது என்றும் சொல்கிறார்களா? ஒளிரும் இடத்தை வெட்டியதால் நோயாளிக்கு உண்மையில் நன்மை விளைந்ததா? இந்நான்கனுள் கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை, எந்த விளக்கும் வீட்டுக்கு வந்த விளக்கு ஆகாது. சோதனைச்சாலை வாயிலில் எரியும் விளக்கே அது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. நான்கே எழுத்துகளால் ஆன ஓர் இழை, கோடானுகோடி இழைகளுள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பகைவனைக் காணும்வரை ஒளியை அடக்கிக்கொண்டு, கண்டபின் விளக்கேற்றும் அளவுக்கு மனிதன் அதனைப் பழக்கிவிட்டான். நொதிகளை வெல்லும் இழையும், ஒவ்வாமை தராத இணைப்பும், ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்த பின்னரே எரியும் விளக்கும் வந்து வாய்க்குமானால், அறுவை மருத்துவரின் கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதை ஊகம் தீர்மானிக்காது. அவர் கண்ணே தீர்மானிக்கும். எஞ்சிய நோயால் துன்புறுவோர் தொகையும், வீணே உறுப்பிழப்போர் தொகையும் அன்று குறையும்.